அத்தையின் கல்லில் ஒரு பத்தொன்பது

நம் ஐந்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள்: "மிஸ் செய்யச் சொன்ன அந்தப் பழைய கட்டடங்கள் சார்ட் யார்கிட்டயாவது இருக்கா? என் பையனுக்கு இப்ப அதே ப்ராஜெக்ட்." இல்லை என்று பதினொரு பேர் தனித்தனியாக எழுதினீர்கள். நான் எழுதவில்லை, ஏனென்றால் என்னிடம் இருக்கிறது. சார்ட் இல்லை, சார்ட்டுக்கு முன்னால் எழுதிப் பார்த்த நோட்டு. படம் எடுத்து அனுப்பிவிடலாம் என்று அலமாரியிலிருந்து எடுத்தேன். பத்தாவது வரிசையைச் சுற்றி மிஸ் சிவப்பு மையில் பெரிய வட்டம் போட்டிருந்தார். அந்த வட்டத்துக்குக் காரணம் சொல்லாமல் அனுப்ப முடியாது, காரணம் மெசேஜில் அடங்காது. ஆகவே இது.

முப்பத்தாறு வயதில் சிறுவயது நினைவுகளை எழுத உட்காருவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் உங்களுக்கும் அதே வயது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டுதான் இதைப் படிப்பீர்கள், எனக்குத் தெரியும்.

மிஸ் கேட்டது நினைவிருக்கிறதா? வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பத்துப் பழைய இடங்கள். மூன்று கட்டங்கள்: பெயர், உண்டான வருடம், இப்போதைய நிலை. நீங்கள் எல்லாரும் முனகினீர்கள். எனக்கு மட்டும் பிறந்தநாள் வந்தது போல் இருந்தது. பட்டியல் என்றால் அப்போதே எனக்குச் சோறு வேண்டாம். ஆனால் பெங்களூர் காக்ஸ் டவுனில் பத்து வயதுப் பெண்ணைத் தனியாக அலைய விடமாட்டார்கள். அப்பாவுக்கு ஆபீஸ், அம்மாவுக்கு முழங்கால் வலி. மிச்சமிருந்தது அத்தை.

அத்தை அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்தார். மாமா நான் பிறப்பதற்கு எட்டு வருடம் முன்பே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. அத்தை முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு லைன் கிடைக்கக் காத்திருந்த காலம் அது. கிடைத்தால் மூன்று நிமிடம். மூன்றாவது நிமிடம் முடிந்ததும் ஆபரேட்டர் குறுக்கே வந்து சொல்வார். அத்தை ரிட்டயர் ஆகியும் அந்த மூன்று நிமிடத்தை விடவில்லை. யாரோடு பேசினாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சரி, வெச்சுடறேன்" என்று நகர்ந்துவிடுவார். எதிரே நிற்பவரின் வாயில் பாதி வாக்கியம் தொங்கிக்கொண்டிருக்கும். பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதும் அப்படித்தான் என்று அப்பா சொல்வார். "எந்தப் பாவம் முக்கியமோ அதை மட்டும் சொல்லிட்டு எழுந்து வந்துடுவா உங்க அத்தை."

அக்டோபரில் இரண்டு சனிக்கிழமை நடந்தோம். முதல் இடம் ரயில் நிலையம். ஓட்டுக் கூரை, கூரை ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய மரச் சட்டம், எந்நேரமும் நிலக்கடலைத் தோலும் துருவும் கலந்த வாசனை.

"இங்கதான் உங்க மாமா என்னை ட்ரெயின் ஏத்திவிட வந்தார்" என்றார் அத்தை. "பெட்டிய உள்ள வெச்சுட்டு வரேன்னு ஏறினார். ட்ரெயின் கிளம்பிடுச்சு. அவரும் பெட்டியும் ஜோலார்பேட்டை போயிட்டாங்க. நான் வீட்டுக்கு வந்துட்டேன்."

"எந்த வருஷம் கட்டினாங்க அத்தை?"

"எழுதிக்கோ. ஆயிரத்தெண்ணூத்துச் சொச்சம்."

"சொச்சம்னு எழுத முடியாது. கட்டம் சின்னது."

எந்த இடத்திலும் வருடம் சொல்லும் பலகை இல்லை, எல்லாவற்றுக்கும் அத்தையிடம் ஒரு சொச்சம் இருந்தது. இரண்டாவது இடம், தெருமுனையில் குதிரைகளுக்குத் தண்ணீர் வைத்த கல் தொட்டி. அதில் ஒரு டெம்போ டிரைவர் சீட் கவரைத் துவைத்துக்கொண்டிருந்தார். "இது எந்தக் காலத்துத் தொட்டி தெரியுமா?" என்று அத்தை அவரை அதட்டினார். "நான் இப்பதாம்மா வந்தேன்" என்றார் அவர் பயந்துபோய். மூன்றாவது, ஜன்னல்களுக்கு மேலே மரத்தில் கூர்கூராகக் குல்லா வைத்த பங்களா. பெங்களூரில் அந்தக் குல்லாவுக்கு மங்கி டாப் என்று பெயர். கேட்டுக்கு உள்ளே ஒரு நாய் எங்களைப் பார்த்துச் சரியாக மூன்று நிமிடம் குரைத்தது. அத்தைக்கு அந்த நாயைப் பிடித்துவிட்டது.

பிறகு மார்க்கெட், சர்ச், யாரும் உள்ளே தண்ணீர் பார்த்திராத வட்டமான தண்ணீர்த் தொட்டி, ஓர் இரும்புத் தபால்பெட்டி. எட்டாவதாக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். அது சாதாரண சிமெண்ட் கட்டடம், பழசு இல்லை என்று நான் வாதாடினேன். "முப்பது வருஷம் நான் உள்ள இருந்திருக்கேன். எனக்கே பழசாத் தெரியுது" என்றார் அத்தை. எழுதிக்கொண்டேன். ஒன்பதாவது, எங்கள் கல்லறைத் தோட்டம். அதற்கு நவம்பரில் எப்படியும் போவோம் என்று விட்டு வைத்தோம். பத்தாவது கிடைக்கவில்லை. நடந்து கால் வலித்துப்போய் அத்தை ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னை எழுதிக்கோடி."

எழுதிக்கொண்டேன். பெயர்: அத்தை. உண்டான வருடம்: 1937. இப்போதைய நிலை: நன்றாக உள்ளது.

பத்து இடங்களில் வருடம் உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுக்குத்தான்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். நம்மில் பாதிப் பேர் அன்று லீவு எடுப்போம்; மறுநாள் மீதிப் பேர் பொறாமையாகப் பார்ப்பீர்கள். உங்களுக்கு அது துக்க நாள் என்று நினைப்பு. எங்களுக்குக் கேட்டுக்கு வெளியே பஞ்சுமிட்டாய் உண்டு. உள்ளே ஊரே கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கும். சாமந்தி, ஊதுவத்தி, ஈர மண், காலுறையில் சொட்டிக் காய்ந்த மெழுகு. அப்பா மாமாவின் கல்லறையைச் சுற்றிச் சுண்ணாம்பு அடிக்க, அம்மா பூ வைக்க, அத்தை கல்லின் முன்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மாமாவிடம் அந்த வருடத்துச் செய்திகளைச் சொல்வார். தம்பிக்குப் பிரமோஷன், பின்னறையில் ஒழுகுகிறது, வெங்காயம் விற்கிற விலை. மூன்று நிமிடம். "சரி, வெச்சுடறேன்."

அந்த வருடம் நான் ப்ராஜெக்டுக்காகக் கல்லைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். பளபளப்பான கருங்கல். இடது பக்கம் மாமா: பிறப்பு, மறைவு. வலது பக்கம் அத்தையின் பெயர். பிறப்பு 1937. மறைவு 19. அதற்குப் பிறகு வெறும் கல்.

"அத்தை, இது உங்க பேரு."

"ஆமா, நான்தான் எழுதிக் குடுத்தேன்."

"நீங்கதான் இருக்கீங்களே."

"இருக்கேன். எடம் புடிச்சு வெச்சிருக்கேன். பஸ்ல துண்டு போட்டு வைக்கற மாதிரி."

"பத்தொம்பதோட விட்டுட்டாங்களே?"

"மீதி ரெண்டு நம்பரை நான் போனப்புறம் வெட்டுவாங்க. இதை வெட்டின மேஸ்திரி கையப் பாரு, என்ன அழகு. பின்னாடி எவனாவது வந்து கோணலா வெட்டுவான்னு, முன்கூட்டியே முடிஞ்ச வரைக்கும் அவர் கையாலயே வெட்டி வாங்கிட்டேன்."

"ஆனா ரெண்டு மாசத்துல ரெண்டாயிரம் வந்துடுமே அத்தை."

அப்பாவின் சுண்ணாம்பு பிரஷ் பாதியில் நின்றது. அத்தை குனிந்து கல்லைப் பார்த்தார். தப்பான நம்பருக்கு லைன் கொடுத்துவிட்ட முகம்.

"அட, ஆமாம். எனக்கு அப்ப நாப்பத்து நாலு. நம்ம வீட்ல அறுபதைத் தாண்டினவங்க யாரு இருக்கா? பதினெட்டு வருஷம் தாராளம்னு நெனச்சேன்."

"விடு அக்கா, பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

"என்னத்தப் பாக்கறது? இவ்வளவு நல்ல கல்லை வீணாக்கறதா? டிசம்பருக்குள்ள கிளம்பிட வேண்டியதுதான்."

"ஐயோ அண்ணி, நல்ல நாளும் அதுவுமா" என்றாலும் அம்மா சிரித்தார். அப்பா சிரித்தார். பக்கத்துக் கல்லறைக்காரர்களும் சிரித்தார்கள். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தொன்பது நாள்.

நான் எழுதி வைத்ததை நம்புகிற பிள்ளை. டைம் டேபிளில் கணக்கு என்றிருந்தால் மிஸ்ஸுக்குக் காய்ச்சல் வந்தாலும் கணக்கு நோட்டைத்தான் எடுத்து வைப்பேன். டைம் டேபிள் காகிதம். இது கருங்கல்.

அன்று சாயங்காலம் பத்தாவது வரிசையில் "நன்றாக உள்ளது" என்பதை ரப்பரால் அழித்துவிட்டு "டிசம்பர் 31 வரை" என்று எழுதினேன். மிஸ் வட்டம் போட்டது அதற்குத்தான்.

அடுத்த வாரங்களில் எனக்குச் சாட்சியங்கள் குவிந்தன. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஏற்பாடாகி, சாமான்களை ஹாலில் குவிக்க வேண்டியிருந்தது. அத்தை தன் அறையில் இருந்த ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினார். "இது தம்பிக்கு." "இது அவன் பெண்டாட்டிக்கு." தையல் மிஷின் மேல் என் பெயர். உண்மையில் பல வருடங்களாக அந்த அறைக்குள் போய் ஒதுங்கிய எங்கள் பொருட்களை அவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தையல் மிஷின் என் உயரத்துக்குச் சரியான மேஜை என்று ஹோம்வொர்க் செய்ய எனக்கு ஒதுக்கியிருந்தார். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். அம்மா என் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பூச்சி மருந்து கொடுத்தார். அத்தைக்கு ஜலதோஷம் வந்தது. நான் இன்னும் கொஞ்சம் இளைத்தேன். அம்மா இன்னொரு டோஸ் கொடுத்தார். அந்த வருடம் காக்ஸ் டவுனிலேயே பூச்சி இல்லாத வயிறு என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

நவம்பர் கடைசியில் அத்தையே என்னைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே இருந்த கல் பட்டறைக்குப் போனார். பழைய மேஸ்திரி ஊரோடு போய்விட்டார். அங்கே இருந்தவர் புதியவர், காதில் பென்சில் செருகியவர்.

"பத்தொம்பதை இருபது ஆக்கணும்" என்றார் அத்தை.

"ஆக்கிடலாம்மா. அந்த எடத்தை மட்டும் கொத்தி எடுத்துட்டு மறுபடி பாலிஷ் போட்டா..."

"குழி விழும்."

"சுமாரா விழும். இல்லன்னா கல்லுப் பொடியும் பசையும் கலந்து அடச்சு, மேல வெட்டலாம்."

"சொத்தப் பல்லு அடச்ச மாதிரி இருக்கும்."

"அப்ப புதுக் கல்லு போட்டுடுங்க. ஐயா பேரையும் சேர்த்து நானே வெட்டித் தரேன்."

அத்தை அவர் அன்று காலை வெட்டி முடித்திருந்த ஒரு கல்லைப் பார்த்தார். அதில் "நினைவாக" என்ற சொல் இடம் போதாமல் கடைசி எழுத்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தை கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, வெச்சுடறேன்."

திரும்பி வரும்போது, "வேற வழி இல்லையா அத்தை?" என்று கேட்டேன்.

"வேற வழியே இல்லடி" என்றார், மூக்கைச் சிந்தியபடி.

எங்கள் மாடியில் ஒரு அண்ணன் குடியிருந்தார். கரூர்ப் பக்கத்துக்காரர், சாஃப்ட்வேர் கம்பெனி. அந்த டிசம்பரில் அவர் தூங்கி யாரும் பார்க்கவில்லை. துணி காயப்போடும் கொடிக்குக் கீழே நின்று எனக்கு விளக்கினார். "கம்ப்யூட்டர்ல வருஷத்துக்கு ரெண்டு நம்பர்தான் எடம் விட்டிருக்காங்க பாப்பா. முன்னாடி பத்தொம்பதுதான் எப்பவும் இருக்கும்னு எவனோ நெனச்சுட்டான். ரெண்டாயிரம் பொறந்தா எல்லாம் நின்னுடும்ங்கறாங்க."

"யாரு அப்படி நெனச்சது?"

"அமெரிக்காவுல யாரோ."

"எங்க அத்தையும்."

அவர் அதைக் கவனிக்கவில்லை. "எப்படிச் சரி பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"தேடணும். எங்கெல்லாம் பத்தொம்பது ஒளிஞ்சிருக்கோ, ஒண்ணு விடாம புடிச்சு மாத்தணும். ஒரு எடத்துல மட்டும் மாத்திட்டு மத்ததை விட்டா, மொத்தமும் குழம்பிடும். அதான் ராவும் பகலும் உக்காந்திருக்கோம்."

இதை நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். என் தொழில் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் தொழில்நுட்ப அறிவுரை அதுதான். சரியான அறிவுரை. பயன்படுத்திய இடம்தான் தவறு.

டிசம்பர் முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை முற்பகல். பெயிண்டர்கள் ஜன்னல் கண்ணாடியை ஒட்ட வைத்து மிஞ்சிய பட்டிப் பசை ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் இருந்தது. ஆளி எண்ணெய் நாற்றம். கல் கறுப்பு, பட்டி வெள்ளை. அதனால் என் ஸ்கூல் ஷூ பாலிஷ் முழுவதையும் அதில் போட்டுப் பிசைந்தேன். அம்மா கேக் துண்டுகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். நூல் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். கல்லறைத் தோட்டத்து வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார்.

முதலில் அத்தையின் "மறைவு 19". கட்டை விரலால் அமுக்கி, ஸ்கேலால் வழித்தேன். கல் வழவழப்பாகிவிட்டது. மறைவு, அப்புறம் ஒன்றுமில்லை. எனக்கு மூச்சு வந்தது. பிறகு மாடி அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது: ஒன்று விடாமல். அத்தையின் பிறப்பிலிருந்த 19. மாமாவின் இரண்டு 19. அடுத்த கல். அதற்கடுத்த கல். வரிசையில் பதினான்கு கல். எங்களுடையது போக ஒன்பது கல்லோடு பட்டி தீர்ந்தது. நடுவில் ஒருவர் 1898இல் பிறந்தவர். அவரைத் தொடவில்லை. அவர் ஏற்கெனவே ஒரு நூற்றாண்டைத் தாண்டியவர், சமாளித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"யாரு அல்லி?" என்று வாட்ச்மேனின் குரல் கேட்டது. யார் அங்கே என்று கன்னடத்தில் கேட்கிறார். ஓடிவிட்டேன். நூல் வாங்க மறந்துவிட்டேன்.

அன்றிரவு கண்விழித்து அத்தையைக் காவல் காப்பது என் திட்டம். எட்டரைக்குத் தூங்கிவிட்டேன்.

காலையில் எழுந்து பின்னறைக்கு ஓடினேன். கட்டில் காலி. போர்வை நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அப்போது ஹாலிலிருந்து குரல் கேட்டது.

"ஹலோ? எக்ஸ்சேஞ்சா? நான் பழைய ஆபரேட்டர் பேசறேன். லைன் ஒழுங்கா இருக்கான்னு பாத்தேன். இருக்கா? சரி, வெச்சுடறேன்."

நான் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "என்னடி, புது வருஷத்துக்குப் பாசம் பொங்குது" என்றார். அந்த நேரம் மாடி அண்ணன் ஆபீசிலிருந்து வந்து படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். "என்னப்பா ஆச்சு?" என்றார் அப்பா. "ஒண்ணும் ஆகலை சார்" என்றார் அவர், கொஞ்சம் ஏமாற்றமாக. சரி செய்ததால் ஒன்றும் ஆகவில்லையா, எப்படியும் ஒன்றும் ஆகியிருக்காதா என்று இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். எனக்கு அன்று சந்தேகமே இல்லை. அவருடைய வேலையும் பலித்தது, என்னுடையதும் பலித்தது.

பெருமையோடு பூசைக்குப் போனேன். பூசை முடிந்து வழக்கம்போல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கேட்டைத் தாண்டும்போதே எங்கள் வரிசையில் கூட்டம்.

"எங்கப்பா பொறந்தது முப்பத்தொண்ணாம் வருஷமாம்!" என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். "முப்பத்தொண்ணுன்னா? அவர் என்ன இயேசுநாதரோட படிச்சவரா?"

"எங்கம்மா அறுபத்தெட்டுல போயிருக்காங்க. அப்போஸ்தலர் காலத்துல."

"இது ஏதோ மந்திர வேலைங்க. நேத்து கடைசி நாள் பாருங்க."

கல்லறைக் கமிட்டி செயலாளர் கோட்டு போட்டுக்கொண்டு ஒவ்வொரு கல்லாகத் தடவிக்கொண்டிருந்தார். "யாரு செஞ்சதுன்னு தெரியாம நான் இங்கேர்ந்து நகரமாட்டேன். போலீஸ்ல சொல்லணும்."

அத்தை தன் கல்லைப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். பிறகு என் கையைப் பார்த்தார். நான் கட்டை விரலை மறைத்தேன். மற்ற விரல்களும் கறுப்பாகத்தான் இருந்தன. ஷூ பாலிஷ் ஒரு குளியலில் போகாது. ஒன்பது குடும்பம், ஒரு போலீஸ்.

"எல்லாரும் கொஞ்சம் லைன்ல இருங்க." அத்தையின் ஆபரேட்டர் குரல். கூட்டம் அடங்கிவிட்டது. அந்தக் குரலுக்கு அடங்கிப் பழகிய தலைமுறை அது. "இது பட்டி. இன்னும் காயலை. அரை மணி நேர வேலை, எடுத்துடலாம்."

"யாரு வெச்சதுன்னு தெரியணும்மா" என்றார் செயலாளர்.

"நான்தான்."

"நீங்களா?"

"என் கல்லுல ஒரு தப்பு இருந்தது. திருத்தினேன். கொஞ்சம் அதிகமாப் போயிடுச்சு."

"ஒன்பது கல்லு அதிகமாவா?"

"வயசாகுதில்ல. எங்க நிறுத்தறதுன்னு தெரியல."

செயலாளர் கல்லைத் தடவுவதை நிறுத்தினார். அறுபத்திரண்டு வயது அம்மாவைப் புத்தாண்டு அன்று என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் கோட்டுப் பட்டன்களைப் போட ஆரம்பித்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, அத்தையைப் பார்த்துவிட்டு, பூக்கூடையைக் கீழே வைத்தார்.

அத்தை கொண்டையிலிருந்து இரண்டு ஊசிகளை உருவி, ஒன்றை எனக்குக் கொடுத்தார். கடைசிக் கல்லிலிருந்து ஆரம்பித்தோம். ஊசியால் தோண்டத் தோண்டப் பட்டி புழுப் புழுவாக வந்தது. இயேசுநாதரோடு படித்தவர் இருபதாம் நூற்றாண்டுக்குத் திரும்பி வந்தார்.

"எதுக்குடி?" என்றார் அத்தை, கல்லைப் பார்த்தபடி.

"கல்லுல பத்தொம்பது இருந்தா நீங்க டிசம்பருக்குள்ள போயிடணுமில்ல."

அத்தையின் ஊசி நின்றது.

"வாயத் தொறந்து கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டேன். வேற வழியே இல்லன்னு சொன்னீங்க."

"அடிப்பாவி. அது கல்லுக்குச் சொன்னது."

அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு தோண்டினார். ஜலதோஷம் அதற்குள் போயிருந்தது. அம்மா பின்னால் வந்து நின்று, "அப்ப பூச்சி இல்லையா?" என்றார் மெதுவாக. ஒரே இடத்தில் அத்தை அத்தனை நேரம் குந்தி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கடிகாரத்தை அவர் பார்க்கவே இல்லை.

கடைசியாக எங்கள் கல்லுக்கு வந்தோம். மாமாவுக்கு இரண்டு 19, அத்தைக்குப் பிறப்பில் ஒன்று, எடுத்தாயிற்று. நான் "மறைவு" பக்கத்தில் ஊசியை வைத்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இதை விட்டுடு. இது ஒண்ணுதான் ஒழுங்காத் திருத்தினது."

இவ்வளவுதான் வட்டத்துக்குக் காரணம்.

பையனின் ப்ராஜெக்டுக்கு அந்தப் பட்டியல் உதவுமா என்றால், நேற்றுப் போய்ச் சரிபார்த்தேன். ரயில் நிலையத்தில் மரச் சட்டம் பாதி இருக்கிறது. கல் தொட்டி நடைபாதைக்கு அடியில் போய்விட்டது. மங்கி டாப் பங்களா இருந்த இடத்தில் நான்கு மாடி வீடு. அதன் பெயர்ப் பலகையில் மட்டும் மங்கி டாப் படம். தபால்பெட்டி இருக்கிறது, பூட்டு இல்லை. எக்ஸ்சேஞ்ச் இப்போது உண்மையாகவே பழசு. அத்தை சொன்னது சரியாகிவிட்டது. "டிசம்பர் 31 வரை" என்பதை மட்டும் நான் அழிக்கவில்லை. வருடம் எழுதவில்லையே, அதனால் இன்னும் தவறாகவில்லை.

மற்றபடி, பட்டி மழைக்குத் தாங்காது. ஒவ்வொரு வருடமும் மழைக்காலத்தில் உதிர்ந்துவிடும். கல்லறைத் திருநாளன்று போனால் 19 பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். இருபத்தைந்து வருடமாக நான்தான் அடைக்கிறேன். இப்போதெல்லாம் கறுப்புப் பட்டியே கடையில் கிடைக்கிறது, ஷூ பாலிஷ் தேவையில்லை. போன நவம்பரில் ஆபீசில் விசாரித்து நல்ல எபாக்சி ஒன்று வாங்கிப் போனேன். கல்லோடு கல்லாக இறுகிவிடும், வெயில் மழை எதுவும் அசைக்காது. அத்தைக்கு எண்பத்தெட்டு வயது. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து டப்பாவைத் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"இதை வெச்சா?"

"அப்புறம் வரவே வேண்டாம் அத்தை. நிரந்தரம்."

"நிரந்தரமா?" டப்பாவை என் பையில் திருப்பிப் போட்டார். "எனக்கு அதெல்லாம் வேணாம். அடுத்த நவம்பர் வரைக்கும் தாங்கற மாதிரி ஒண்ணு வை. போதும்."

பட்டியைப் பிசைந்து கட்டை விரலால் அமுக்கினேன். அத்தை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மாமாவின் பக்கம் திரும்பினார். தம்பிக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது, தெருவில் மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள், வெங்காயம் விற்கிற விலை.

"இன்னும் லைன் கிடைக்கலைங்க" என்றார். "காத்திருங்க. சரி, வெச்சுடறேன்."